கரண்டியால் சாப்பிட்ட குணம் அண்ணை

வீட்டிலேயே இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உதவும்படியாக ஏதாவது எழுதித் தரச்சொல்லி, அங்கே தாதியாக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் கேட்டிருந்தீர்கள். இயந்திரத்தை எப்படிக் கழுவுவது, எந்த எச்சரிக்கை ஒலிக்கு என்ன செய்வது என்பதெல்லாம் கைநூலில் இருக்கின்றன. அவற்றைக் கைநூல் என்னைவிட ஒழுங்காகச் சொல்லும். நான் ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என்னுடைய பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நோயாளியின் வீட்டுக்குப் போவதென்றால் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போவேன். விட்பி ஊரிலிருந்து சோறு தேடி வருகிறாள் என்று பிரிவில் பகிடி பண்ணுவார்கள். காரணம் சோறல்ல, பாஸ்பேட் மாத்திரை. சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட்டை வயிற்றிலேயே பிடித்து வைக்கும் மாத்திரை அது. சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால்தான் பயன். எங்கள் சனமோ மருந்தென்றால் வெறும் வயிற்றில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று எடுத்துப் பழகியவர்கள். கேட்டால் எல்லோரும் "ஓம், சரியா எடுக்கிறன்" என்பார்கள். மேசையில் இருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அங்கே நான் ஒரு வாயாவது சாப்பிடுவேன். சாப்பிடாத விருந்தாளிக்கு முன்னால் எங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் சாப்பிடாவிட்டால் நான் பார்க்க வந்ததைப் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவைப்பதும் என் வழக்கம். அதனால் கீழே வரும் பேச்சுகள் பெரும்பாலும் பேசப்பட்டபடியே இருக்கின்றன.

குணம் அண்ணை ரூஜ் என்ற பகுதியில் ஒரு வரிசை வீட்டில் மனைவி ராணி அக்காவோடு இருந்தார். பதினாறு வருடமாகச் சுத்திகரிப்பில் இருப்பவர். இடையில் ஒரு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, அது நிலைக்கவில்லை. ஒரு பாடசாலையில் பின்னேர ஷிப்டில் பராமரிப்பு வேலை. காலையில் வீட்டு நிலக்கீழ் அறையில் இயந்திரத்தோடு இருந்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, வேலைக்குப் போவார். இடது கையில், ஊசி ஏற்றுவதற்காகச் சத்திரசிகிச்சையில் தடிக்கச்செய்த இரத்தக்குழாய். வலது கையால் தானே ஊசி ஏற்றிக்கொள்வார். காதில் தோடு போடும் துளைபோல, ஒவ்வொரு முறையும் ஒரே துளையில் மொட்டை ஊசி. பழகிய கைக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் ஊசியின் சிறகுபோன்ற பிடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்கத் தெரியவேண்டும்.

பல மாதமாக அவரை வீடியோவில்தான் பார்த்துவந்தோம். இடம் துப்புரவாக இருக்கும். ஒட்டுநாடாக்களை அளவாக வெட்டி மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்திருப்பார். பிரிவில் உங்களுக்கு முன்பே இருக்கும் ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன், அதைப் படமெடுத்து மற்ற நோயாளிகளுக்குக் காட்டியிருக்கிறாள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். அன்று அவருக்கு இயந்திரம் இல்லாத நாள். மேசையில் சோறும், பொட்டாசியம் குறைவதற்காக ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்த கத்தரிக்காய்க் கறியும், வெண்டைக்காய்ப் பால்கறியும் இருந்தன. எனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தார்கள். நான் கை கழுவிக்கொண்டு வந்து இருந்தேன். ராணி அக்கா கையால் பிசைந்தார். குணம் அண்ணை கரண்டி எடுத்தார்.

சோற்றைக் கரண்டியால் சாப்பிடும் தமிழர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் குணம் அண்ணை அந்தக் கூட்டமில்லை. முந்திய கோடையில் எங்கள் பிரிவுக்காரர் பூங்காவில் ஒன்றுகூடியபோது, எல்லோரும் முள்ளுக்கரண்டியும் கரண்டியுமாக நிற்க, இவர் மட்டும் சட்டைக்கையை முழங்கைக்குமேல் சுருட்டிவிட்டுப் பிசைந்தவர்.

"என்ன அண்ணை, கரண்டியும் கையுமா?" என்றேன்.

"கனடா வந்து முப்பது வருஷமாச்சுது. இனியாவது கனடாக்காரன் ஆகவேண்டாமோ தங்கச்சி?"

"சிட்டிசன்ஷிப் எடுக்கேக்க சொல்லித்தரேல்லையோ இதை?"

அவர் சிரித்தார். ராணி அக்கா சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அக்கா சிரித்திருந்தால் நான் விட்டிருக்கவும் கூடும்.

கரண்டியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். சின்னப்பிள்ளைகள் பிடிப்பதுபோல முஷ்டிக்குள் பொத்திப் பிடித்திருந்தார். மாத்திரைப் போத்தலுக்கு மூடி இல்லை. அதன் வாயில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்த்திருந்தது. அந்தப் போத்தலின் மூடி அழுத்தித் திருகினால்தான் திறக்கும். சாப்பாட்டின் நடுவில் மாத்திரையை மறக்காமல் மென்றார். நான் பார்க்க வந்த காரியம் சரியாகவே நடந்தது. ஒட்டுநாடாக்கள் ஏன் முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாடாவைக் கிழிக்க விரலில் வலு இல்லை.

சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் ஒரு முடிவுதான். சாப்பிடும் மனிதரை இடைநிறுத்திக் கையைக் காட்டு என்றால் அவர் அடுத்தமுறை என்னைச் சாப்பாட்டுக்கு விடமாட்டார்.

கோப்பைகள் எடுத்த பிறகு, "அண்ணை, வலக்கையை ஒருக்கா பொத்தி விரியுங்கோ" என்றேன்.

பொத்தினார். விரித்தபோது மோதிரவிரலும் நடுவிரலும் மடிந்தபடியே நின்றன. இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒவ்வொன்றும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது. பெருவிரலுக்குக் கீழே இருக்கவேண்டிய சதைமேடு குழிந்து கிடந்தது.

"உது வாதம் தங்கச்சி. குளிருக்கு இழுக்குது. ஊரிலிருந்து ஒரு எண்ணெய் வந்தது, அதைப் போட்டு நீவுறம். கொஞ்சம் பரவாயில்லை."

"இரவில விறைக்குமோ?"

அவர் பதில் சொல்வதற்குள் ராணி அக்கா சொன்னார்: "நித்திரையே இல்லை. எழும்பிக் கையை உதறிக்கொண்டு இருப்பார். தோளும் நோகுதாம். ஒரு பக்கமும் சரிஞ்சு படுக்கேலாது."

"நீர் சும்மா இரும்" என்றார் குணம் அண்ணை.

"நான் சும்மா இருந்துதானே இவ்வளவும்."

உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் இங்கே ஒருமுறை சொல்கிறேன். இயந்திரம் எவ்வளவு ஓடினாலும் சரியாக வெளியேற்றாத ஒரு புரதம் உண்டு. வருடக்கணக்கில் அது போய்ப் படிவது மூட்டுகளிலும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களிலும், அவற்றைச் சுற்றியிருக்கும் உறைகளிலும். உறை தடித்தால் நாண் சிக்கும். அப்போது விரல் மடிந்தபடி நின்றுவிடும். மணிக்கட்டில் தடித்தால் பக்கத்தில் ஓடும் நரம்பு நெரிபடும், விரல்கள் விறைக்கும். பாஸ்பேட் கட்டுப்படாமல் போய்க் கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பி மிதமிஞ்சி வேலைசெய்யும் ஆட்களுக்கு வேறொரு ஆபத்து. முழங்காலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணே ஒருநாள் படியிறங்கும்போது அறுந்துபோகலாம். இதையெல்லாம் நோயாளிகள் வாதம் என்பார்கள், வயது என்பார்கள். நாங்களும் அப்படி எழுதிவிட்டுப் போகலாம். மிகவும் சுலபம்.

என் மனதில் இருந்த கேள்வி வேறு. இந்தக் கையால் இவர் எப்படி ஊசி ஏற்றுகிறார்?

கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ கொஞ்சம் பிடிச்சுவிடுவா" என்றார் அவர்.

"காட்டுங்கோ. ஊசி வேண்டாம், ஒரு பேனையை எடுத்துக் காட்டுங்கோ."

பேனையை அவர் விரல்களுக்கிடையில் வைத்தார். அது வழுகியது. ராணி அக்கா பின்னால் வந்து நின்று, தன் கையை அவர் கைக்கு மேலே வைத்து, விரலோடு விரலாக அழுத்திப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து இடது கையை நோக்கிப் போயின. அதுவரைக்கும் அழகாகத்தான் இருந்தது.

"கலியாணத்தில பிடிச்ச கை. விடமாட்டன் எண்டு நிக்கிறா" என்று பகிடி விட்டார் குணம் அண்ணை.

நான் ராணி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்களை இறுக்க மூடியிருந்தார்.

"அக்கா, உண்மையா ஏத்தேக்கையும் கண்ணை மூடுவியளோ?"

"எனக்கு ரத்தம் கண்டா மயக்கம் வரும். அவர் 'இப்ப' எண்டு சொல்லுவார். நான் தள்ளுவன்."

கதிரையை இழுத்து இருந்தேன். ஒரு பிழையான தள்ளலில் இரத்தக்குழாயின் சுவர் கிழியலாம். வலுவில்லாத விரல் ஒட்டிய நாடா இடையில் கழன்றால் ஊசி வெளியே வரலாம். இயந்திரமோ இரத்தத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். நிலக்கீழ் அறையில் ஒருவர் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதும் எனக்கு விளங்கியது. வைத்தியசாலையில் காலியாக இருந்தது பின்னேர இடம் மட்டும்தான். கிழமையில் மூன்று பின்னேரம் அங்கே போய்ப் படுத்தால் பின்னேர ஷிப்ட் வேலை போகும். வேலையைவிடப் பெரிது ஒன்றும் இருந்தது. பதினாறு வருடத்தில் அவர் தன் நோயைத் தானே நடத்திய காலம் வீட்டு இயந்திரம் வந்த பிறகுதான். அதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தன் கதிரையை அவர் போட்டிருந்த விதத்தில், ஒரு கடைக்காரர் தன் கல்லாவுக்குப் பின்னால் இருப்பதுபோன்ற ஒரு நிமிர்வு இருந்தது.

"நாளைக்குக் காலமை இஞ்ச மெஷின் ஓட்டவேண்டாம் அண்ணை" என்றேன். "யூனிட்டுக்கு வாங்கோ. நாங்கள் ஏத்திவிடுறம். டொக்டர் கையையும் பாக்கட்டும்."

"மெஷினைக் கொண்டுபோகப் போறியள்."

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். 'இல்லை அண்ணை, பயப்படாதேங்கோ' என்று சொல்ல வாய் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அது என் கையில் இல்லை. நாளை அவர் வரவேண்டும் என்பதற்காக இன்று ஒரு பொய் சொன்னால், அதற்கடுத்த நாள் அவர் எதையும் எனக்குக் காட்டமாட்டார்.

"அது எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனா ஒண்டு சொல்லுறன். மெஷினைப் பற்றி முடிவெடுக்கேக்க நீங்கள் ரெண்டுபேரும் அந்த அறையில இருப்பியள். உங்களை வெளியில வைச்சுக் கதைக்க விடமாட்டன்."

அவர் மடிந்து நின்ற விரலை இடது கையால் நிமிர்த்தினார். பிறகு, "காலமை எத்தினை மணிக்கு?" என்றார்.

புறப்படுமுன் அவருடைய எடையையும் கால்வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தேன். மறுநாள் வரை பொறுக்கும் நிலையில்தான் இருந்தார். பொறுக்காது என்றால் அன்றே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். காரில் ஏறியதும் பிரிவுக்கு அழைத்துச் சொன்னேன். வரிசை நாடாவைப் படமெடுத்தவள்தான் தொலைபேசியை எடுத்தாள். "பட் அன்ரி, வீடியோவில அவர் பெர்ஃபெக்ட்டா இருந்தாரே" என்றாள். இருந்தார்தான். கமராவுக்கு முன் செய்வதையெல்லாம் அவர் முன்கூட்டியே செய்துவைத்திருந்தார். கரண்டியை மட்டும் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை.

அடுத்த கிழமை கூட்டம் நடந்தது. சொன்னபடி அவர்கள் இருவரும் இருந்தார்கள். சிறுநீரக வைத்தியர் கையைச் சோதித்துப் பார்த்திருந்தார். விரல்களில் சிக்கிய நாண்களையும் மணிக்கட்டில் நெரிபடும் நரம்பையும் ஒரே சத்திரசிகிச்சையில் விடுவிக்கலாம், ஆனால் கைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இடம் கிடைக்கச் சில மாதமாகும் என்றார். எங்கள் பொறுப்புத் தாதி ஜமைக்காவில் பிறந்தவர், சுற்றிவளைக்கத் தெரியாதவர். இயந்திரத்துக்காகக் காத்திருப்பவர்களில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பதாகச் சொன்னார். மாதக்கணக்கில் ஒரு இயந்திரத்தை நிலக்கீழ் அறையில் சும்மா வைத்திருக்க முடியாது. ஆறு கிழமை தரலாம். அதற்குள் பயிற்சி பெற்ற ஒரு துணை கிடைக்காவிட்டால் அது அந்தத் தாய்க்குப் போகும்.

நான் மொழிபெயர்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு நியாயம் இல்லை என்பதும் தெரிந்தது.

குணம் அண்ணை தலையாட்டினார். "அந்தப் பிள்ளைக்கும் வேணும்தானே" என்றார். பிறகு, "மகன் கல்கரியில. வேற ஆர் இருக்கினம்?" என்றார்.

ராணி அக்கா கைப்பையின் சிப்பை இழுத்து இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன், "இவ்வளவு நாளும் ஊசியைத் தள்ளினது ஆர்?"

"அது அவர்."

"அவரின்ரை விரலில பேனையே நிக்கேல்லை."

"நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ தள்ளினனான்."

ராணி அக்கா என்ன சொல்கிறார் என்று பொறுப்புத் தாதி கேட்டார். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "கண்ணைத் திறந்துகொண்டு செய்தால் இன்னும் சுலபமாக இருக்கும் என்று அவரிடம் சொல்" என்றார்.

அதை மொழிபெயர்த்தபோது ராணி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கரண்டியைக் கண்டதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அந்த ஆறு கிழமையும் குணம் அண்ணை லீவில் நின்று வைத்தியசாலையின் பின்னேர இடத்துக்கு வர, அங்கேயே ராணி அக்காவுக்கு நான் கொடுத்த பயிற்சி இலகுவாக நடக்கவில்லை. முதல் கிழமை முழுக்க அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஒருநாள் கேட்டேன்: "அக்கா, நீங்கள் மீன் வெட்டுறேல்லையோ? அதில வராத ரத்தமோ?"

"அது மீன். இது என்ரை மனிசன்."

அதனால் ஊசியை ஒதுக்கிவைத்தேன். அண்ணையின் இரத்தக்குழாயின் மேல் விரல்நுனியை வைத்து, உள்ளே இரத்தம் ஓடும் அதிர்வை உணர்வது மட்டும்தான் சில நாள் வேலை. அதைக் கண் திறந்தபடி செய்தார். "பூனை உறுமுறமாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு கடற்பஞ்சில் ஊசி. பிறகு என் கை அவர் கைக்கு மேலே. பிறகு என் கை இல்லாமல்.

ஐந்தாம் கிழமை ஒருநாள் ஊசி பாதையில் போகாமல் தட்டியது. அவர் அதை வெளியே எடுத்தபோது இரத்தம் கோடாக வழிந்து முழங்கையை எட்டியது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். பாய்ந்து பிடிக்கக் கால் துடித்தது. ஆபத்தான இரத்தமில்லை என்று தெரிந்ததால் நின்றேன். அந்த இடத்தில் நான் கை வைத்திருந்தால் அவர் பயிற்சி அன்றோடு முடிந்திருக்கும்.

ராணி அக்கா பஞ்சை எடுத்து அழுத்தினார். "அசையாதேங்கோப்பா" என்றார். இரத்தம் நின்றபிறகு பஞ்சை மெதுவாக எடுத்துப் பார்த்து, புது ஊசி எடுத்து, கோணத்தைச் சற்றுத் தாழ்த்தி ஏற்றினார். நாடா ஒட்டினார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு கதிரை தாறியளோ தங்கச்சி" என்றார். முகம் வெளுத்திருந்தது. அவர் மயங்குவதற்கு நேரம் பார்த்த ஒழுங்கை நான் இன்றும் மெச்சுகிறேன்.

இயந்திரம் அவர்கள் வீட்டிலேயே நின்றது. குணம் அண்ணை வேலைக்குத் திரும்பிப் போனார். காத்திருந்த அந்தத் தாய்க்கு வேறொரு இயந்திரம் கிடைத்தது, ஆனால் இரண்டு மாதம் பிந்தி. அதையும் நான் எழுதிவைத்திருக்கிறேன். ஒருவருக்காக வாதாடும்போது வரிசையில் நிற்கும் மற்றவரை மறக்கக்கூடாது என்பதற்காக.

கோடை முடிவில் கைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரவில் கை விறைப்பது சில நாட்களிலேயே நின்றது. விரல்கள் பயிற்சி செய்யச் செய்ய மெல்ல நிமிர்ந்தன. தோள் இன்னும் நோகிறது. அந்தப் புரதம் இன்னும் உடலில்தான் இருக்கிறது, காலப்போக்கில் விரல்கள் திரும்பவும் சிக்கலாம் என்று வைத்தியர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இயந்திரம் ஓடும் நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நிம்மதியாக நித்திரை கொள்கிறார்.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக நான் போன வீடுகளில் அவருடையதும் ஒன்று. சாப்பாட்டு நேரம்தான். அன்று மூன்று கோப்பை வைத்திருக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய கோப்பையில் சோறும் கறிகளும் ஒன்றாக இருந்தன.

"குழையல்" என்றார் குணம் அண்ணை. "கை கழுவிப்போட்டு வாங்கோ. நான்தான் குழைக்கப் போறன்."

வலது கையை உள்ளே விட்டார். நடுவிரல் இன்னமும் முழுதாக நிமிரவில்லை. மற்ற விரல்கள் அதைச் சுற்றி வேலைசெய்தன. கத்தரிக்காய் மசிந்தது, சோறு நிறம் மாறியது. ராணி அக்கா மாத்திரைப் போத்தலைப் பக்கத்தில் வைத்தார். அதற்கு இப்போது மூடி இருந்தது. அண்ணை இடது கையால் போத்தலைப் பிடித்துக்கொண்டு, கறி ஒட்டிய வலது கையாலேயே மூடியை அழுத்தித் திருகித் திறந்தார்.

"மூடியெல்லாம் கறி" என்றார் ராணி அக்கா.

"திறந்திட்டனோ இல்லையோ?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் போகமுதல் இவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. கை வந்திட்டுது. ஊசியைத் திருப்பித் தரட்டாம்."

"தரமாட்டன்" என்றார் ராணி அக்கா. "நான் பழகினதுக்குப் பிறகு ஒருக்காலும் தட்டேல்லை. நீங்கள் குழைச்சாப் போதும்."

"பாத்தியளே, பவர் வந்திட்டுது."

"கிழமையில ரெண்டு நாள் அவருக்குக் குடுங்கோ அக்கா" என்றேன். "கைக்கும் பயிற்சி. ஆனா நீங்கள் பக்கத்தில நிக்கவேணும். கண்ணைத் திறந்துகொண்டு."

"ஒரு நாள்" என்றார் அக்கா.

குணம் அண்ணை அதற்குமேல் பேரம் பேசவில்லை. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி அழுத்தி, முதலில் ராணி அக்காவின் கையில் வைத்தார். அடுத்ததை என் கையில். சூடாக இருந்தது. கையைச் சாய்த்துப் பார்த்தேன். உருண்டை உடையவில்லை.